தீனி மெசினும் நான்கு கோழிகளும்

1. சனிக்கிழமை பின்னேரம் முதன்முறையாகக் கூட்டைத் திறந்துவிட்டேன்.
2. நான்கு கோழிகளும் வாசலில் தயங்கி நின்றன.
3. பிறகு வேலியோரப் புதருக்குள் போனவை, இருட்டத் தொடங்கியும் திரும்பவில்லை.

ஆரா நகரின் இந்த ஓரத்தில் நரி வரும். "பா, பா, பா" என்று கூப்பிட்டேன். ஒன்றும் அசையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார்.

"இதுகள் உம்மட கோழிகள்தானோ, தங்கச்சி?"

"ஓம் அக்கா. நான் கூப்பிட்டுப் பழக்கேல்லை. மெசின்தான் தீனி போடுறது."

அது நானே செய்த மெசின். தனியாக இருக்கும் வீட்டில் நான் வாய் திறப்பதே குறைவு, கோழிகளுடனும் பேசியதில்லை. வேறு வழியில்லாமல் மெசினை இயக்கினேன். மோட்டார் சத்தம் கேட்டதும் நான்கும் கூட்டுக்குள் ஓடி வந்தன.

இப்போது கூப்பிட்டு, கையால் தீனி போடுகிறேன். என் குரலுக்கு ஒரு கோழி மட்டும் வருகிறது. மற்ற மூன்றும் நிறுத்திவைத்த மெசினின் முன்னால் காத்து நிற்கின்றன.