ஒரு நாள் சம ஆசனம்

ஆசிரிய கலாசாலையில் படித்தபோது, பயிற்சிக்காக ஒரு கிராமப் பள்ளியின் இரண்டாம் வகுப்பை எனக்குத் தந்தார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் நீண்ட மர வாங்குகளில் இருந்தார்கள். தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கியிருந்த சின்னி மட்டும் மூலையில், நிலத்தில் இருந்தாள். பள்ளிகளில் எல்லோருக்கும் சம ஆசனம் வேண்டும் என்று அரசாங்கம் கட்டளை இட்டிருந்த காலம் அது.

பள்ளியைப் பரிசோதிக்க வித்தியாதரிசி வரும் நாளன்று, தலைமையாசிரியர் வாங்குகளை வெளியே தூக்குவித்துப் பாய்களை விரிப்பித்தார்.

"என்ன தம்பி யோசிக்கிறீர்? எல்லாரும் நிலத்திலை இருந்தால் அதுவும் சம ஆசனந்தான். கட்டளையிலை வாங்கு எண்டு எங்கை கிடக்கு?"

நானும் அதைப் படித்திருந்தேன். உண்மையிலேயே இல்லை.

அன்று சின்னி மற்றவர்களோடு தோள் உரச இருந்து, பாட்டைச் சத்தமாகச் சொன்னாள். வித்தியாதரிசி மகிழ்ந்து என் பயிற்சிக்கு நல்ல புள்ளி போட்டார்.

மறுநாள் வாங்குகள் உள்ளே வந்துவிட்டன. சின்னி வாசலிலேயே நின்றாள்.

"சட்டம்பியார், நேற்று வந்த ஐயா இண்டைக்கும் வருவாரோ?"

"இல்லைப் பிள்ளை. இனி வாற வருசந்தான்."

"ஓம்," என்று சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போனாள்.

பின்னாளில் நானும் வித்தியாதரிசி ஆனேன். வரும் நாளைப் பள்ளிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பது நடைமுறை. ஓய்வு பெறும்வரை ஒரு தடவைகூட அதை நான் மீறவில்லை. நான் போன பள்ளிகளில் எல்லாம் பிள்ளைகள் சமமாகவே இருந்தார்கள்.