சம்பளம் நின்ற மாதம்

என் கணவர் பாலாநகர் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் புதிதாக எடுத்த ஆயுள் காப்பீட்டுக்கு மாதாமாதம் சம்பளத்திலேயே பிரீமியம் பிடித்துவிடுவார்கள். வேலைநிறுத்தம் வந்தது. சம்பளம் நின்றது, பிடித்தமும் நின்றது.

"நாமே போய்க் கட்டிடலாமாங்க?" என்றேன்.

"நக்கோ, வேணாம். ஒரு மாசம் டைம் இருக்கு" என்றார். என் அப்பாவின் பாலிசிக்கும் ஒரு மாதம்தான் என்பதால் நானும் நம்பினேன். ஆனால் அப்பா வருடத்துக்கு ஒருமுறை கட்டியவர். மாதாமாதம் கட்டினால் அவகாசம் பதினைந்தே நாள். அது முடிந்த மறுவாரம் என் கணவர் மாரடைப்பில் போனார். காலாவதியான பாலிசிக்கு ஒன்றும் வரவில்லை.

அவருடைய தொழிற்சாலையிலேயே எனக்கு வேலை கொடுத்தார்கள். இப்போதும் வேலைநிறுத்தம் வருகிறது. முதல் வேலையாக என் பிரீமியத்தை நேரில் கட்டிவிட்டுத்தான் கேட்டில் கோஷம் போடப் போகிறேன். சங்கத்துக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

– ஒரு வாசகி, மல்காஜ்கிரி