ரெண்டு பக்கமும் சொல்லிடுவேன்

“புண்ணுக்குப் போய் யாராவது வயித்தைக் கிழிப்பாங்களா? வேணாம்னு சொல்லும்மா. மாத்திரை குடுக்கச் சொல்லு, போதும்.”

கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த அம்மா சொன்னதை, பக்கத்து நாற்காலியில் இருந்தவள் டாக்டரின் மொழியில் அப்படியே சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அவளுக்கு அது பழக்கம்.

டாக்டர் நிமிர்ந்தார். “புண்ணா? எந்தப் புண்?”

சுவரோரம் நின்ற மகன் அவசரமாக முன்னால் வந்தான். டாக்சி ஓட்டுகிறவன், இந்த ஊர் மொழி அவனுக்கு நன்றாக வரும். அந்த மொழியிலேயே தணிந்த குரலில் டாக்டரிடம் பேசினான். வயிற்றில் இருப்பது புற்றுநோய் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

இரண்டு மாதமாக அவன்தான் நடுவில் நின்று பேசிவந்தான். அம்மா ஆபரேஷன் வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று டாக்டருக்குப் புரியவில்லை. இனியும் தள்ளிப்போட்டால் வெட்டி எடுக்க முடியாத இடத்துக்குப் பரவிவிடும். அதனால் இன்று ஆஸ்பத்திரியே மொழிபெயர்க்க ஆள் கூப்பிட்டிருந்தது.

அவளை எங்கள் ஆட்கள் ஸ்பீக்கர் என்பார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பின் ஒரு முனை இவள் கையில், மறுமுனை இந்த ஊர்க்காரி ஒருத்தியின் கையில். மடிக்க மடிக்க இருவரும் நெருங்கி வருவார்கள். மூலைகள் சேரும்போது அவள் ஒரு வார்த்தை சொல்வாள், இவள் திருப்பிச் சொல்வாள். மெஷின் இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும். மொழி வந்தது, கத்தலும் கூடவே வந்தது.

மொழி முழுதாக வருவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. “கல்லை எடுத்துட்டாங்க” என்றார், டாக்டர் சொன்னதை மொழிபெயர்த்த கணவர். கல்லோடு ஒரு சிறுநீரகத்தையும் எடுத்திருந்தார்கள். உடம்பு தேறட்டும், சொல்லலாம் என்று இருந்தாராம். தேறிய பிறகு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பின்னால் வேறொரு ஸ்கேனில்தான் அவளுக்குத் தெரிந்தது. “எனக்கே தெரியாம உள்ள இருந்தவரு ஒருத்தரு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாரு” என்று இப்போது சிரிப்பாள். அப்போது சிரிக்கவில்லை என்பார் கணவர்.

அதற்கப்புறம் படித்துப் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தாள். எந்த அறைக்குள் போனாலும் இரண்டு மொழியிலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவாள்: “இங்க யார் என்ன பேசினாலும் ரெண்டு பக்கமும் சொல்லிடுவேன். சொல்லக்கூடாதுன்னா என் முன்னாடி பேசாதீங்க.” எல்லோரும் தலையாட்டுவார்கள். எங்கள் ஆட்கள் நம்ப மட்டும் மாட்டார்கள். நம்ம பொண்ணுதானே என்று இருந்துவிடுவார்கள். வராந்தாவிலேயே அக்கா, அத்தை, தங்கச்சி என்று ஏதோ ஒரு உறவில் அவளைச் சேர்த்தாகிவிடும். சேர்த்த பிறகு, மறைக்க வேண்டியதை மறைப்பது அவள் கடமை. டாக்சிக்காரனும் லிஃப்டில் வரும்போதே அக்கா, அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டிருந்தான்.

அவன் டாக்டரிடம் பேசி முடித்ததும் ஸ்பீக்கர் நாற்காலியை அம்மா பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அம்மா, உங்க மகன் இப்ப டாக்டர்கிட்ட சொன்னது இது: ‘புண்ணுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். புற்றுநோய்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்க. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.’”

“அக்கா!” என்றான் மகன். “நீங்க நம்ம ஆளுதானே!”

அதையும் அவள் டாக்டருக்குச் சொன்னாள்.

அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

“அப்ப காரம் ஆகாது, புளி ஆகாதுன்னு ரெண்டு மாசமா என்னைக் குழைஞ்ச சோறு தின்ன வச்சியே, அது எதுக்குடா?”

“புண்ணுன்னு சொல்லிட்டேனே. அப்புறம் காரம் குடுத்தா நீ கண்டுபிடிச்சிடுவியேம்மா.”

“பாவி! அந்தச் சோத்தைத் தின்னே செத்திருப்பேன்.”

ஸ்பீக்கர் ஒன்றையும் விடவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“அவரைக் கேளும்மா. வெட்டினா பொழைப்பேனா?”

டாக்டர் யோசித்துப் பதில் சொன்னார். அதை அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

“பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. உறுதி குடுக்க முடியாது. வெட்டலைன்னா ஒரு வருஷம் தாண்டுறது கஷ்டம்.”

மகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

“நான் தாங்க மாட்டேனாம்” என்றாள் அம்மா. “யாரு தாங்கலன்னு பாரு. டேய், அழாத. வெட்டச் சொல்லும்மா.”

இதெல்லாம் அந்த அம்மாவே எங்களிடம் சொன்னது. ஸ்பீக்கரைக் கேட்டால் “எந்த அம்மா?” என்பாள். அறைக்கு வெளியே அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

மறுநாள் மகன் அவளுடைய ஆபீசுக்கு போன் போட்டுப் புகார் சொன்னான். ஆபீசில் அவளைக் கேட்டார்கள். அவர் பேசியதைத்தான் சொன்னேன் என்றாள். சரி என்று வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கிடைத்தது. மகன்தான் டாக்சியில் கூட்டிவந்து கூட்டிப்போனான். புகார் வந்த அன்றும் ஸ்பீக்கருக்குக் காலையில் ஒரு பல் டாக்டரிடம் வேலை, பிற்பகலில் ஒரு பிரசவ வார்டில். நடுவில் பஸ் தாமதம். நிறுத்தத்தில் நின்றபடியே சாப்பிட்டாள்.