உறையாத பால்

புஷ்பவள்ளியின் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்காது என்று மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் பேர். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலையை விட்டபின் அவள் மாடு வளர்க்க ஆரம்பித்தாள். காலையில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பால் கொண்டு போவாள். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன ஆடி மாதம், நிறையக் கறக்கும் செவலை மாட்டுக்கு மடி வீங்கிவிட்டது. ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மாட்டு டாக்டர் திருச்செல்வம் வந்து அந்தக் காம்புக்குள் மருந்தை ஏற்றி, கழுத்தில் ஊசியும் போட்டார்.

"நான் சொல்ற வரைக்கும் இதோட பாலை யாருக்கும் குடுக்காதீங்கக்கா. எல்லாத்தையும் ஊத்திடுங்க."

அன்றைக்கு ஊற்றிவிட்டாள். மறுநாள் மனசு கேட்கவில்லை. தோட்டத்துக் கோயில் அன்னதானத்துக்குத் தயிர் போட அவள்தான் பால் தருவதாகச் சொல்லியிருந்தாள். மற்ற மூன்று காம்புகளிலும் பால் வெள்ளைவெளேரென்று வந்தது.

"நோவு ஒரு காம்புலதானே?" என்று கணவர் செல்லனிடம் கேட்டாள்.

"டாக்டர் எல்லாத்தையும்னுதானே சொன்னாரு."

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு."

கெட்ட காம்பின் பாலை மட்டும் மண்ணில் ஊற்றினாள். மிச்சம் கோயிலுக்குப் போனது.

கோயிலில் தயிர் போடுவது மாலா. தோட்டத்திலேயே வீடு, ரவாங் டவுனில் தொழிற்சாலை வேலை. விசேஷத்துக்கு லீவு எடுத்து வருவாள். பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, உறை ஊற்றி மூடி வைத்தாள். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. அண்டாவை அசைத்தால் தளும்பியது.

சமையல் கூடத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். பெரியவர் இராஜம்மா குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "சுத்தமில்லாம தொட்டிருப்பா. இல்லன்னா அம்மன் கோயில்ல பால் உறையாம போகுமா?"

"இல்லம்மா, சத்தியமா இல்ல" என்றாள் மாலா. முகமெல்லாம் சிவந்துவிட்டது. யாரும் அவள் பக்கம் பேசவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். சாப்பிடக்கூட இல்லை.

புஷ்பவள்ளி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். செவலையின் நினைவு வந்தது. வாயைத் திறக்கவில்லை. பாலைக் காய்ச்சியாயிற்றே, மருந்து இருந்தாலும் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தலையைக் குனிந்து நறுக்கினாள்.

அடுத்த தடவை வந்த டாக்டரிடம், எங்கேயோ கேள்விப்பட்டதுபோல விசாரித்தாள்.

"காய்ச்சினா மருந்து முழுசாப் போயிடாதுக்கா. ஊசி மருந்து ரத்தத்துல கலந்து மடி முழுக்கப் போகும், நாலு காம்புலயும் இறங்கும். நோவுக் கிருமியைக் கொல்ற மருந்து தயிர்க் கிருமியையும் விடாதுலா, அப்புறம் எப்படி உறையும்? அந்த மருந்து ஒத்துக்காதவங்க குடிச்சா உடம்பெல்லாம் தடிச்சிடும்." சட்டென்று நிறுத்தினார். "ஏன் கேக்கறீங்க? குடுத்துட்டீங்களா?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

சாயங்காலமே மாலா வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாலா உள்ளே வரச் சொல்லவில்லை.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"சந்தேகமா இருந்துச்சு."

"என்னைய அவ்ளோ பேரு முன்னால பேசினாங்க. நீங்க அங்கதான இருந்தீங்க? இப்ப என்கிட்ட மட்டும் வந்து சொல்றீங்க."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் பிரசாதம் வாங்கும்போது புஷ்பவள்ளி எழுந்து நின்றாள். தப்பு தன் பாலில்தான், மாலாவிடம் இல்லை என்றாள். கோயில் தலைவர் சோமு, "போகட்டும் விடுங்கக்கா" என்றார். இராஜம்மா வேறு பக்கம் திரும்பி விபூதி பூசிக்கொண்டார். மாலா அன்று வந்திருக்கவில்லை.

பால் வாங்கும் வீடுகளுக்கும் போய்ச் சொன்னாள். சிலர் பால் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். செவலைக்குக் குணமாகி, விற்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் கொஞ்ச நாள் கறந்து கறந்து மண்ணில் ஊற்றினாள். செல்லன் திட்டினார்.

மாலா மறுபடியும் கோயிலுக்கு வருகிறாள், ஆனால் தயிர் போடக் கூப்பிட்டால், "வேற யாரையாவது பாருங்க" என்று சொல்லிவிடுகிறாள். எதிரே வந்தால் புஷ்பவள்ளிதான் முதலில் மோட்டாரை ஓரம் கட்டுகிறாள். மாலா தலையசைத்துவிட்டுப் போய்விடுவாள். அதற்கு மேல் எதிர்பார்க்கப் புஷ்பவள்ளிக்கும் முகமில்லை.