மெகராஜ் மிஸ்ஸின் நாற்பது அட்டைகள்

காலை எட்டேகால் பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில், மெகராஜ் மிஸ் சீட்டுக் கலைத்துக்கொண்டிருக்கிறார். கறுப்பு புர்க்கா, மடியில் சாப்பாட்டுக் கூடை, கூடையின் மேல் நாற்பது அட்டைகள். மேலிருந்து பத்தை உருவி நடுவில் செருகுகிறார். அடியிலிருந்து ஐந்தாறை எடுத்து மேலே போடுகிறார். ராஜபாளையத்தில் ஆரம்பித்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை கை ஓயாது. தினமும் வருகிறவர்களுக்கு இது பழகிப்போய்விட்டது. போன மாதம் புதிதாக ஏறிய ஒருவர் மட்டும், "என்னம்மா, ரம்மியா?" என்று கேட்டுச் சிரித்தார். "ஆமா, ஒரு கை கொறையுது. நீங்க வாரீகளா?" என்றார் மிஸ், தலையைத் தூக்காமலே. அந்த ஆள் இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மெகராஜ் பேகத்துக்கு நாற்பத்தாறு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. எடுக்கிறார். இருபது வருஷ சர்வீஸில் கோபப்படாத நாள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் அவரே யோசிப்பார். பஸ் இரண்டு நிமிஷம் தாமதித்தால் கண்டக்டரிடம் கோபம். கேட்டை மறித்து வண்டியை நிறுத்தும் தகப்பன்மாரிடம் கோபம். குக்கர் மூன்றாவது விசிலுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தின் மேல்கூடக் கோபம். காத்திருப்பது மட்டும் அந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. "நீ பேசாம மில்லுல சேந்திருக்கலாம். அங்க மிசின் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்காது" என்பார் கணவர் ஹபீப் ரகுமான். அவர் முப்பது வருஷமாக நூல் மில்லில் இருப்பவர். வீட்டில் மட்டும் காது நன்றாகக் கேட்பதாக அவருக்கு வருத்தம்.

அட்டைகளில் இருப்பவை ஆங்கிலச் சொற்கள். 'வாஸ்', 'செட்', 'தே', 'ஒன்ஸ்' என்று எழுத்துக் கூட்டினால் வாய்க்கு வராத சின்னச் சொற்கள். கண்ணில் பட்டதும் பிள்ளை சொல்லிவிட வேண்டும். அதற்காகப் பெரிய எழுத்தில் எழுதித் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். மிஸ்ஸின் அட்டைகள் பால்கோவாப் பெட்டியில் வெட்டியவை. மடிப்புத் தவறிய காலிப் பெட்டிகளை ஒரு கடையிலிருந்து வாங்கி வந்து, உள்பக்கத்து வெள்ளையில் கறுப்பு மார்க்கரால் எழுதுகிறார். அட்டைக் கட்டை எழுத்து தன் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொள்வார். மேல் அட்டையைத் தனியாகத் தூக்கி, அதிலுள்ள சொல்லைத் தான் முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு சட்டென்று திருப்பிப் பிள்ளைக்குக் காட்டுவார். அந்தத் திருப்பலில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கலைப்பதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் பள்ளிக்கு ஒரு கம்பெனிக்காரன் லேப்டாப்போடு வந்து, பளபளப்பான நூறு அட்டைகள் கொண்ட பெட்டி ஒன்றை விற்றுவிட்டுப் போனான். நூறு சொல், ஒரு நிமிஷம், பிள்ளைகள் மளமளவென்று வாசிக்கும் என்றான். தாளாளர் உக்கிரபாண்டிக்கு அது பிடித்துப்போய்விட்டது. உக்கிரமெல்லாம் அவருக்குப் பெயரோடு சரி. குரலை உயர்த்தி அவர் ஒரு சொல் பேசி யாரும் கேட்டதில்லை. மிஸ்ஸுக்கு அதுவே பாதி எரிச்சல். திருப்பிக் கத்தாத மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது?

"இந்தக் கார்டுகளைக் கலைக்காதீங்க டீச்சர். பேரண்ட்ஸ் வீடியோ எடுக்கையில தங்குதடை இல்லாம வரணும்" என்றார் தாளாளர்.

"வரிசையாச் சொல்லுதது வாசிப்பா சார்? கரண்டாபீசுக்குப் போன் போட்டா அதுகூடத்தான் வரிசையாப் பேசுது."

"அட்மிஷன் டயம் டீச்சர்" என்றார் அவர், மெதுவாக.

மார்ச் மாதம் ஒருநாள் மிஸ் அந்த நூறு அட்டைகளையும் கலைத்துவிட்டு வகுப்பில் காட்டினார். முப்பத்தொரு பிள்ளைகளும் பழைய வரிசையையே பாடினார்கள். அட்டையில் 'தே' இருந்தது, வாய்கள் 'வாஸ்' என்றன. ஒரு பிள்ளைகூட அட்டையைப் பார்க்கவில்லை. எல்லாரும் மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து, பாராட்டுக்குக் காத்துக்கொண்டு, பாடிக்கொண்டே போனார்கள். மிஸ்ஸுக்கு அழுகை வந்தது. அழுகையை அவருக்கு வைத்துக்கொள்ளத் தெரியாது. அதைக் கோபமாக்கித் தாளாளர் அறைக்குக் கொண்டுபோனார். "பிள்ளைகளை ஏமாத்துதோம், பெத்தவங்களையும் ஏமாத்துதோம். இதுக்கு நாம ஃபீஸு வேற வாங்குதோம்" என்று அவர் சொன்னது அந்தச் சின்னப் பள்ளியின் கடைசி வகுப்பு வரை கேட்டது.

பாட்டில் சேராத பிள்ளை ஒன்று உண்டு. வேதா. முப்பத்திரண்டாவது பெயர். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, எல்லாரும் பாடும்போது பாவாடை நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருப்பாள். அப்பா ஆராவமுதன் தேரடிப் பக்கத்துப் பால்கோவாக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறவர். மிஸ்ஸுக்குக் காலிப் பெட்டிகள் கொடுப்பதும் அவர்தான். வேதா வாய் திறக்காததால் தாளாளர் ஒரு கடிதம் தயார் செய்தார். ஒன்றாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது, இன்னொரு வருஷம் யு.கே.ஜி.யிலேயே இருக்கட்டும், மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது என்று எழுதியிருந்தது. வேதாவின் தம்பி அடுத்த வருஷம் அதே யு.கே.ஜி.க்கு வருகிறான். தம்பிக்குப் பக்கத்தில் அக்காவை உட்கார வைக்கப் பார்க்கிறார்கள் என்று மிஸ்ஸுக்கு வயிறு எரிந்தது.

"அவ எங்கிட்ட வாசிக்கா சார். மத்தியானம் சாப்பிட்ட பொறவு என் கார்டுல காட்டுதேன். எப்படிக் கலைச்சாலும் நாப்பதும் சொல்லுதா."

"கிளாஸ்ல சொல்லலையே டீச்சர்."

"கூட்டத்தோட பாடுததுக்கு அவ பஜனைக்கா வந்திருக்கா? வெள்ளிக்கிழமை அவ அப்பா அம்மாவைக் கூப்பிடுங்க. ஒங்க முன்னாலயே வாசிப்பா. வாசிக்கலன்னா அன்னையோட நான் வரல."

கோபத்தில் வந்த வார்த்தை அது. வந்த பிறகு மிஸ்ஸுக்கே திக்கென்றது. தாளாளர் "சரி டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் தாளாளர் அறையில் ஆராவமுதனும் அவர் மனைவி ஸாவித்ரியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் பளபளப்புப் பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து வேதாவுக்குக் காட்டினார். அவள் பேசவில்லை. இன்னொன்றைக் காட்டினார், அதற்கும் நாடாதான் சுற்றினாள். "மொறைக்காம காட்டுங்க சார்" என்றார் மிஸ். தாளாளர் முறைக்கவே இல்லை.

"என் கார்டுல காட்டுதேன், பாருங்க."

மிஸ் தன் அட்டைக் கட்டை எடுத்துக் கலைத்தார். ஆத்திரத்தில் பஸ்ஸில் கலைப்பதைவிட இரண்டு மடங்கு கலைத்தார். திருப்பினார். "வாஸ்" என்றாள் வேதா. திருப்பினார். "ஒன்ஸ்." திருப்பினார். "தே." ஸாவித்ரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினைந்து அட்டை தவறாமல் வந்ததும் மிஸ் தாளாளரைப் பார்த்த பார்வையில் இருபது வருஷப் பாக்கி அத்தனையும் இருந்தது.

"நான் ஒரு தடவை காட்டட்டுமா?" என்றார் தாளாளர். கட்டை வாங்கி, எழுத்து குழந்தை பக்கம் இருக்கும்படி நேராக நீட்டினார். சற்று முன் வேதா சொன்ன அதே அட்டைதான். வேதா அதைப் பார்த்தாள், தாளாளரைப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை. அடுத்ததற்கும் இல்லை.

"நீங்க வாயசைச்சுக் காட்டுதீங்களோ டீச்சர்?"

மிஸ்ஸின் முகம் கறுத்துப்போனது. "நானா? நானா சார்?" என்று கட்டைப் பிடுங்கினார். புர்க்காவின் முகத்துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டார். மேல் அட்டையைத் தூக்கினார். இன்னும் திருப்பவில்லை.

"செட்" என்றாள் வேதா.

மிஸ் தன் பக்கம் இருந்த எழுத்தைப் பார்த்தார். 'செட்'தான். குழந்தை பக்கம் இருந்தது அட்டையின் முதுகு.

ஆராவமுதன் எழுந்து வந்து மகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "மிஸ், அது எங்க கடைப் பெட்டியோட மாடு" என்றார் தயங்கி. "அரைக் கிலோப் பெட்டியில கொம்பு இந்த எடத்துலதான் வரும். ஆத்துல இந்தப் பெட்டியை வெச்சுண்டுதான் தூங்குவா."

மிஸ் அடுத்த அட்டையைத் தூக்கினார். அதன் முதுகில் கோபுரத்தின் ஒரு மூலை. வேதா சொல்லிவிட்டாள். அடுத்தது, மாட்டின் வால். சொல்லிவிட்டாள். அடுத்தது, கடையின் போன் நம்பரில் பாதி. அதையும் சொன்னாள். இத்தனை நாளும் மிஸ் தன் சாமர்த்தியம் என்று நினைத்துத் திருப்பிக் காட்டிய ஒவ்வொரு முறையும், குழந்தை அதற்கு முன்பே முதுகைப் பார்த்து முடித்திருந்தது. எழுத்தை அவள் ஏறிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"அப்ப என் கார்டும் ஒங்க கார்டும் ஒண்ணுதான டீச்சர்" என்றார் தாளாளர். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் மிஸ் பதில் சொல்லியிருப்பார்.

ஸாவித்ரிதான் கேட்டாள். "அப்போ எங்க கொழந்தைக்கு வாசிக்கவே வரலையா மிஸ்?"

அந்தக் கேள்வியில்தான் மெகராஜ் மிஸ்ஸுக்குக் குரல் திரும்பி வந்தது. கோபம் வந்தது, ஆனால் எப்போதும் போகிற திசையில் அது போகவில்லை. முகத்துணியை இறக்கினார்.

"வரல. நான் சொல்லித் தரல. பெட்டியைச் சொல்லிக் குடுத்துட்டு வாசிக்கான்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். கலைக்கேன் கலைக்கேன்னு பஸ்ஸுல வேற படங் காட்டுனேன். புத்தி கெட்ட மூதி." இது தன்னைச் சொன்னது. பிறகு தாளாளர் பக்கம் திரும்பினார். "ஆனா சார், கொம்பு ஒரு துண்டு, வாலு ஒரு துண்டு, போன் நம்பர் பாதித் துண்டு. நாப்பது துண்டுக்கு நாப்பது சொல்லு. ஒண்ணு பெசகாமச் சொல்லுதா. ஒங்களால முடியுமா? என்னால முடியாது. இவளை எதுக்கு டாக்டர்ட்ட காட்டணும்? நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு. அவ படிச்சதுல ஒரு தப்பும் இல்ல."

தாளாளர் அந்த மாட்டுக் கொம்பு அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை. "ஏப்ரல் கடைசி வரைக்கும் பாப்போம். வரலன்னு சொன்ன ஒங்க வார்த்தையும் அதுவரைக்கும் இந்த லெட்டரோடயே இருக்கட்டும் டீச்சர்" என்றார்.

அன்று மாலை பஸ்ஸில் மிஸ் அட்டைகளை வெளியே எடுக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் "கலைக்கலையா மிஸ்?" என்று கேட்டதற்கு "ஒன் சோலியப் பாரு" என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹபீப் ரகுமான் வாங்கி வந்த பழுப்புத் தாளை வெட்டி, மைதாப் பசை காய்ச்சி, நாற்பது முதுகையும் மூடி ஒட்டினார். கோபுரம் போனது, வால் போனது, போன் நம்பர் போனது. கொம்பை மட்டும் கட்டைவிரலால் கூடக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். "அட்டை என்ன பாவம் செஞ்சது?" என்றார் கணவர். அதற்கு விழுந்த பேச்சில் அவர் எழுந்து பள்ளிவாசல் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு மணிக்குப் பிறகு, காலி வகுப்பில் வேதா எதிரே உட்கார்ந்தாள். மிஸ் கலைத்தார். முதல் அட்டையைத் தூக்கினார். வேதா அதன் பழுப்பு முதுகைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து ஓரத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. யாரோ தன் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டதுபோல அவள் உதடு பிதுங்கியது.

மிஸ் அட்டையைத் திருப்பினார். வெள்ளையில் கறுப்பாக ஒரு சொல், அவ்வளவுதான். வேதா மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். மிஸ் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அந்தச் சொல் அவர் பல்லுக்குப் பின்னால் துடித்துக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டால் அரை நொடி வேலை. வேதா நாடாவைச் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் வாசலில் வந்து கூடி, மிஸ் இன்னும் கத்தவில்லையே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேதாவின் கண் மிஸ்ஸின் முகத்தை விட்டு மெல்ல இறங்கி, முதல் தடவையாக அந்தக் கறுப்பு எழுத்தில் வந்து நின்றது. தூக்கிப் பிடித்த வலது கை கடுக்க ஆரம்பித்திருந்தது. மெகராஜ் மிஸ் அட்டையை இறக்காமல், அசையவும் விடாமல், அப்படியே இடது கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார்.