அன்னச் சிறகு

சன்னிவேலில் நான்காம் வகுப்பு படித்தபோது, டீச்சர் செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். அவர்களில் பெண்களும் போருக்குப் போனதுண்டு. அங்கே பேர் வாங்கியவளுக்குச் சபையில் இடம். பிடிபட்டவன் சாவதா பிழைப்பதா என்பதை அவளே சொல்வாள்; அன்னத்தின் சிறகை அசைத்து அவள் விடுவித்துவிட்டால் தலைவனும் மறுபேச்சுப் பேச முடியாது என்றார். வகுப்பு நாடகத்தில் அந்த வேஷம் எனக்கு. வெள்ளை அட்டையை வெட்டி, பஞ்சு ஒட்டிச் சிறகு செய்தேன்.

பஞ்சு அம்மாவுடையது. அம்மா நர்ஸ். அமெரிக்காவுக்கு முதலில் வந்தவள் அவள்தான். தனியாக வந்து, இரவு டியூட்டி பார்த்து, பிறகுதான் அப்பாவையும் கைக்குழந்தையான என்னையும் வரவழைத்தாள்.

அந்த வாரம், படிப்பதற்காக வந்து எங்களோடு தங்கியிருந்த மாமா, லைசென்ஸ் இல்லாமல் அப்பாவின் காரை எடுத்துப்போய் எல் கமீனோ சாலையில் ஒரு கம்பத்தில் இடித்துவிட்டார்.

"படிச்சது போதும். சண்டே ஃப்ளைட்ல ஊருக்குக் கிளம்பு" என்றார் அப்பா.

தன் தம்பி என்பதாலேயே அம்மா வாயைத் திறக்கவில்லை. தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய் மாமாவின் தலைக்கு மேல் சிறகை அசைத்தேன். "யூ காண்ட் செண்ட் ஹிம் நௌ, அப்பா!"

மாமா சட்டென்று கார்ப்பெட்டில் மண்டியிட்டார். "காப்பாத்து தாயே!"

அப்பா சிரிக்கவில்லை. "நடிக்காதடா. பெட்டியைக் கட்டு."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இது என்ன விளையாட்டு என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்புறம் தலைவர் ஒண்ணும் பேச மாட்டாராடி?"

"நோ மா. ஷீ டிசைட்ஸ்."

"குடு இங்க."

மாவுக் கையோடு வாங்கி, அப்பாவைப் பார்த்தபடி, தம்பியின் தலைக்கு மேல் ஒரே ஒரு முறை மெதுவாக அசைத்தாள்.

அப்பா கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். அதை யாரும் போட்டிருக்கவில்லை. பிறகு, "காரை யாரு ரிப்பேர் பண்றதாம்?" என்றார். மாமா ஊருக்குப் போகவில்லை.

எனக்குத்தான் ஆத்திரம். பஞ்செல்லாம் மாவு. போதாததற்கு விதியை மீறிவிட்டாள். நான் அசைத்தது நாடகம். நிஜத்தில் போருக்குப் போய் வந்தவள்தானே அசைக்கலாம், அம்மா எந்தப் போருக்குப் போனாள் என்று அப்பாவிடம் முறையிட்டேன்.

அப்பா அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து தோசையைப் பிய்த்தார். அவருக்கும் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன்.