கம்போங் செட்டி கிணற்றடியில் ஈயம்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் கனிமச் சோதனைக்கூடத்தில் இருந்தேன். கல்லையும் மண்ணையும் இடித்து, அதில் ஈயம், அதாவது வெள்ளீயம், உண்டா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒருநாள் காஜா பெராங் பக்கத்தில், செட்டி மக்களின் கிராமமான கம்போங் செட்டியில், கோயில் கிணற்றடி மண்ணை ஆசிட்டில் போட்டுப் பார்த்த சக ஊழியர், ஈயம் இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். ராணுவ அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஈயச் சுரங்கம், எங்கள் பேச்சில் லம்பம், வெட்டப்போகிறோம், வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு போட்டார்.

எனக்கு உறுத்தியது. அந்தக் கிணற்றின் அடிப்பாறை கிரானைட். அதை ஏற்கெனவே நான் இடித்துப் பார்த்திருக்கிறேன். குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், மைக்கா, அவ்வளவுதான். ஈயத்தின் வாடைகூட இல்லை. மண்ணைத் தட்டில் போட்டுக் கழுவினேன். அடியில் நின்ற மணிகள் வெள்ளையாக மின்னின. எங்கள் பக்கத்துக் கிரானைட்டில் ஈயத்தாது கறுப்பாகத்தான் வரும்.

நேரே கிணற்றடிக்குப் போனேன். மண்ணில் கரித்துண்டுகள் கிடந்தன. பக்கத்து வீட்டு மீனாச்சி, கோயில் சமையலைக் கவனிப்பவர், மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். செட்டி மக்கள் தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறைகளாக மலாய் பேசுகிறவர்கள்; அவர்களோடு மலாயில்தான் பேசுவோம். இங்கே நெருப்பு மூட்டியது யார் என்று கேட்டேன். திருவிழாவுக்கு முன்னால் கோயில் அண்டாக்களுக்கு இங்கேதான் ஈயம் பூசுவோம் என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வீடு போகுது, உனக்குச் சிரிப்பா வருதா?"

"வீடு எங்கயும் போகாது, காக். மூட்டைய அவிழுங்க." அக்காவை மலாயில் காக் என்போம்.

மறுநாள் அதிகாரியும் ஜப்பானிய எஞ்சினியரும் வந்தார்கள். லம்பத்துத் தாது மணி ஒன்றை இரும்புப் பலகையில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். தூளாகிவிட்டது. கிணற்றடி மணியை அடித்தேன். அப்பளம்போல் தட்டையானது. உருக்கிய ஈயம் அப்படித்தான் நசுங்கும். எஞ்சினியர் கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். அண்டா விஷயத்தைச் சொன்னதும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினார்.

"கிரானைட்டுக்கு வயசு கோடிக்கணக்குல. இந்த ஈயத்துக்கு?" என்றார்.

"போன திருவிழா வயசுதான், துவான்."

அவர் அதை ஜப்பானிய மொழியில் சொல்லி முடித்தபோது அதிகாரியின் முகம் சுருங்கியது. அன்றே உத்தரவை ரத்து செய்தார். என் வேலையில் அதைப்போல ஒரு சந்தோஷம் பிறகு வாய்க்கவே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மண்ணைக் கேட்பதற்கு முன்னால், அந்த மண்ணில் புழங்கும் மனுஷரைக் கேளுங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு அரிசி கிடைக்கவில்லை. மீனாச்சி மரவள்ளிக்கிழங்கு வேகவைத்தார். அதே கிணற்றடியில் புதிதாக ஈயம் பூசிய அண்டா. முதல் இலை எனக்குத்தான் போட்டார்.